சீன மக்களின் நம்பிக்கைகள்

உலகில் தொன்மையும் பெருமையும் வாய்ந்த நாடுகளுள் சீனம் ஒன்று. காகிதமும் அச்சும் வெடிமருந்தும் திசைகாட்டியும் அந்நாடு உலகிற்கு வழங்கிய கொடைகள். இத்துணை அறிவுச் செல்வம் படைத்த மக்களின் அன்றாட வாழ்விலும் நற்குறி, தீக்குறி என்னும் எண்ணங்கள் ஆழ வேரூன்றியுள்ளன. இடக்கண் இமை துடித்தால் பொருள் சேரும், வலக்கண் இமை துடித்தால் இன்னல் நேரும் என்பது அங்கு வழங்கும் ஒரு நம்பிக்கை. சோற்றுக் கிண்ணத்தில் உண்ணும் குச்சிகளைச் செங்குத்தாக நட்டு வைத்தல் ஆகாது என்பது மற்றொன்று. இறந்தோர்க்குப் படைக்கும் இடத்தில் ஊதுவத்திகளை அவ்வாறு நட்டு வைப்பர். ஆதலின் அக்காட்சி சாவை நினைவூட்டும் என்று அஞ்சுவர். இத்தகைய நம்பிக்கைகள் எங்ஙனம் தோன்றின? அவற்றால் விளைந்த நன்மை யாது? தீமை யாது? இவை ஆராய்ந்து அறியத்தக்கவை.

சீனரின் நம்பிக்கைகள் பலவற்றுக்கு அவர்தம் மொழியே விளைநிலம். பொதுச் சீன மொழியில் தனித்தனி அசைகள் ஏறத்தாழ 400 மட்டுமே உள்ளன. ஒரே அசையை ஏற்றியும் இறக்கியும் நீட்டியும் ஒலித்து, வெவ்வேறு பொருளை உணர்த்துவர். அவ்வாறு ஒலித்தும் ஒரே ஓசையுடைய சொற்கள் பல எஞ்சி நிற்கும். ஒரு சொல்லைக் கேட்டவுடன் அதனை ஒத்த மற்றொரு சொல் நினைவுக்கு வருதல் அங்கு இயல்பு. ஓசையால் ஒத்தவை பொருளாலும் உறவுடையவை என்று கருதத் தொடங்கியபோது நம்பிக்கை பிறந்தது.

நான்கு என்னும் எண்ணைக் குறிக்கும் 'ஸு' என்னும் சொல்லும், சாவைக் குறிக்கும் சொல்லும் ஒலிக்கும் முறையில் மட்டுமே வேறுபடும். ஆதலின் 4 என்னும் எண்ணைப் பலர் விரும்புவதில்லை. ஹாங்காங் நகரத்துக் கட்டடங்கள் பலவற்றில் 4, 14, 24 என்னும் எண்ணுடைய மாடிகளே இல்லை. மூன்றாம் மாடிக்கு மேல் இருப்பது ஐந்தாம் மாடி எனப்படும்! எட்டு என்னும் எண்ணைக் குறிக்கும் 'பா' என்னும் சொல்லோ, செழித்தலைக் குறிக்கும் 'ஃபா' என்னும் சொல்லோடு ஓசையால் ஒத்தது. ஆதலின் 8 நல்ல எண்ணாயிற்று. பெய்ஜிங் நகரில் ஒலிம்பிக் விளையாட்டுகளின் தொடக்க விழா 2008ஆம் ஆண்டு, எட்டாம் திங்கள், எட்டாம் நாள், இரவு எட்டு மணிக்கு நிகழ்ந்தது. தொல்பழங்காலத்து எண்ணம் இக்காலத்திலும் வாழ்கின்றது என்பதற்கு இது தக்க சான்று.

பரிசளிப்பதிலும் இவ்வெண்ணம் புகுந்துள்ளது. கடிகாரத்தைப் பரிசாகக் கொடுத்தல் என்னும் தொடர், இறுதிக் காலத்தில் ஒருவருடன் இருந்து கடன் கழித்தல் என்னும் தொடரைப் போன்றே ஒலிக்கும். ஆகவே, முதியோர்க்குக் கடிகாரம் அளித்தலைப் பெரும் பிழையாகக் கருதுவர். குடையைக் குறிக்கும் சொல், கலைந்து போதலைக் குறிக்கும் சொல்லை ஒத்திருத்தலால், நண்பர்க்குக் குடையைப் பரிசளிக்கத் தயங்குவர். பேரிக்காயைப் பங்கிடுதலும் பிரிதலும் ஒரே ஓசையுடையன. ஆதலின் கணவனும் மனைவியும் ஒரு பேரிக்காயை வெட்டிப் பகிர்ந்து உண்ணுதல் இல்லை.

ஓசை ஒற்றுமை அச்சத்தை மட்டும் தருவதன்று, மகிழ்ச்சியையும் தரும். மீனைக் குறிக்கும் 'யூ' என்னும் சொல் மிகுதியையும் குறிக்கும். புத்தாண்டுக்கு முந்திய இரவில் குடும்பத்தார் அனைவரும் ஒன்றுகூடி உண்ணும்போது, முழு மீன் ஒன்று உணவில் இடம்பெறும். அதில் ஒரு பகுதியை உண்ணாது மறுநாளுக்கு எடுத்து வைப்பாரும் உளர். ஆண்டுதோறும் வீட்டில் பொருள் எஞ்சி நிற்க வேண்டும் என்பது அதன் கருத்து. நற்பேறு என்னும் பொருளுடைய 'ஃபூ' என்னும் எழுத்தைச் செந்நிறத் தாளில் எழுதி வாயிற் கதவில் தலைகீழாக ஒட்டுவர். தலைகீழ் என்னும் சொல்லும் வந்துசேர்ந்தது என்னும் சொல்லும் ஒரே ஓசையுடையன. அதனைக் காணும் சிறுவர், "நற்பேறு தலைகீழாகிவிட்டது!" என்று கூவினால், "நற்பேறு வந்துவிட்டது!" என்றே செவியில் விழும்.

புத்தாண்டை ஒட்டிய வழக்கங்கள் கேட்போர்க்கு இன்பம் பயப்பன. வீட்டின் அடுக்களையில் அடுப்புத் தெய்வத்தின் படம் இருக்கும். குடும்பத்தார் ஆண்டு முழுவதும் செய்த நன்மை தீமைகளை அத்தெய்வம் பார்த்துக்கொண்டிருக்கும். சந்திர ஆண்டின் பன்னிரண்டாம் திங்கள் 23ஆம் நாளிலோ 24ஆம் நாளிலோ அது வானுலகு சென்று விண்ணரசனிடம் அவற்றை உரைக்கும் என்பது நம்பிக்கை. அன்று அத்தெய்வத்தின் வாயில் தேனையோ ஒட்டும் தன்மையுள்ள இனிப்பையோ தடவுவர். இனிப்பை உண்ட வாய் இனியனவே பேசும். அன்றி, வாய் ஒட்டிக்கொண்டால் ஒன்றுமே பேசாது! பின்னர்ப் படத்தை எரித்து விண்ணுலகிற்கு வழியனுப்புவர். புத்தாண்டு பிறக்கும் வேளையில் புதிய படத்தை ஒட்டி வரவேற்பர்.

புத்தாண்டுக்கு முன்னர் வீட்டின் மூலை முடுக்கெல்லாம் துடைத்துத் தூய்மை செய்வர். புத்தாண்டு நாளிலோ துடைப்பத்தைத் தொடுவதில்லை. பெருக்கினால் வந்த நற்பேறும் குப்பையோடு வெளியே போய்விடும் என்பர். உடைந்த பொருளையும் சாவையும் பற்றி அன்று பேசுவதில்லை. பெரியோர் சிறுவர்க்குச் செந்நிற உறையில் பணம் இட்டுத் தருவர். இவ்வழக்கங்களில் அச்சத்தினும் அன்பே மேலோங்கி நிற்கின்றது. ஆண்டு முழுவதும் ஓயாது உழைக்கும் இல்லத்தரசிக்கு ஒரு நாளேனும் துடைப்பத்தினின்று ஓய்வு கிடைக்கின்றது. தொலைவில் உள்ள மக்கள் பெற்றோரை நாடி வருகின்றனர்.

சில நம்பிக்கைகளின் பின்னே வரலாறு மறைந்து நிற்பதும் உண்டு. சந்திர ஆண்டின் முதல் திங்களில் தலைமயிர் வெட்டிக்கொண்டால் தாய்மாமன் இறந்துபோவான் என்று வட சீனத்தில் கூறுவர். தாய்மாமனுக்கும் தலைமயிருக்கும் என்ன தொடர்பு? அதற்கு ஒரு விளக்கம் வழங்குகின்றது. மஞ்சூரியர் சீனத்தை வென்று ஆளத் தொடங்கியபின், 1645ஆம் ஆண்டில் ஆடவர் அனைவரும் முன்தலையை மழித்துப் பின்சடை வளர்த்தல் வேண்டும் என்று ஆணையிட்டனர். மீறியோர்க்குக் கொலைத் தண்டனை விதித்தனர். பழைய அரசை மறவாத மக்கள், முதல் திங்களில் மட்டும் தலையை மழிக்காது இருந்து 'பழமையை நினைத்தனர்'. பழமையை நினைத்தல் என்னும் தொடரும் தாய்மாமன் இறத்தல் என்னும் தொடரும் ஓசையால் ஒத்தவை. நாளடைவில் முதற்பொருள் மறைந்தது. இரண்டாம் பொருள் நிலைத்தது. அவ்விளக்கம் உண்மையாயின், நாட்டுப்பற்றே நம்பிக்கையாக உருமாறியது எனலாம். இரண்டாம் திங்களின் இரண்டாம் நாளில் முடிதிருத்தும் நிலையங்களில் கூட்டம் நிரம்பி வழிதல் இன்றும் காணத்தக்கது.

வருவதை முன்னரே அறிய விரும்பும் வேட்கை மாந்தர் அனைவர்க்கும் பொது. கி.மு. 13ஆம் நூற்றாண்டு முதல் ஷாங் மரபு மன்னர் ஆமையோட்டிலும் மாட்டின் தோள் எலும்பிலும் குறி பார்த்தனர். எலும்பின் பின்புறத்தில் சிறு குழிகளைக் குடைந்து அவ்விடத்தில் சூடு இடுவர். எலும்பு வெடித்துக் கோடுகள் தோன்றும். அக்கோடுகளைக் கண்டு மன்னர் பலன் கூறுவர். மழை பெய்யுமோ, விளைவு பெருகுமோ, போரில் வெற்றி கிட்டுமோ, பல்வலி தீருமோ என்றெல்லாம் வினவி, அவ்வினாவை எலும்பிலேயே பொறித்து வைத்தனர். பிற்காலத்தில் உழவர் கண்டெடுத்த அவ்வெலும்புகள் 'நாகத்தின் எலும்பு' என்னும் பெயரால் மருந்துக் கடைகளில் விற்கப்பட்டன. பொடியாகி நோயாளிகளின் வயிற்றிலும் மறைந்தன. 1899ஆம் ஆண்டில் வாங் யிரோங் என்னும் அறிஞர் அவற்றிலுள்ள கீறல்கள் பழைய எழுத்துகள் என்று கண்டார். 1928ஆம் ஆண்டு முதல் ஆன்யாங் என்னும் ஊரில் முறையான அகழாய்வு நடைபெற்றது. இதுகாறும் 1,00,000க்கும் மேற்பட்ட எலும்புத் துண்டுகள் கிடைத்துள்ளன. சீன எழுத்தின் மிகப் பழைய சான்றுகள் அவையே.

அவ்வெலும்புகளுள் ஒன்று ஊ திங் என்னும் மன்னனின் தேவி ஃபூ ஹாவின் மகப்பேற்றைப் பற்றியது. இன்ன நாளில் பிறந்தால் நன்று என்று மன்னன் குறி கண்டு கூறினான். 31 நாள் கழித்துத் தேவி மகவு ஈன்றாள். அந்நாள் மன்னன் கூறிய நாள் அன்று. நல்லது நிகழவில்லை என்றும், பிறந்தது பெண் என்றும் எலும்பு கூறுகின்றது. ஆனால் அத்தேவியோ படை நடத்திப் போர் புரிந்த வீராங்கனை! 1976ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்ட அவள் கல்லறையில் போர்க்கருவிகள் பல கிடைத்தன. படைத்தலைவியாக விளங்கிய தாயின் வயிற்றில் பெண் பிறந்ததைத் தீமை என்று பொறித்த கையின் பேதைமையை என்னென்பது!

நம்பிக்கையின் வழியே அறிவும் வளர்ந்ததுண்டு. வீடும் கல்லறையும் அமைத்தற்கு நிலம் பார்க்கும் முறையைச் சீனர் 'காற்றும் நீரும்' என்னும் பொருள்பட 'ஃபங் ஷுவே' என்பர். பின்னே மலையும் முன்னே நீரும் அமையத் தெற்கு நோக்கிய வீடே சிறந்தது என்பது அதன் விதி. வட சீனத்தில் குளிர்காலக் காற்று வடக்கிலிருந்து வீசும். வெயில் தெற்கிலிருந்து விழும். ஆதலின் அவ்விதி பட்டறிவின் பயனே. நிலம் பார்ப்போரும் குறி சொல்வோரும் காந்தக் கல்லில் தேய்த்த ஊசியைப் பயன்படுத்தினர். ஷென் குவோ என்னும் அறிஞர், ஏறத்தாழ கி.பி. 1088இல் எழுதிய நூலில், அவ்வூசி சரியாகத் தெற்கு நோக்காது சற்றே கிழக்கில் சாய்ந்து நிற்பதைக் குறித்துள்ளார். குறி சொல்வோர் கையிலிருந்த ஊசி, பின்னர் மாலுமியின் கைக்குச் சென்று கடலில் வழிகாட்டியது. எனினும், நல்ல நிலம் கிடைக்கும்வரை பெற்றோரின் உடலைப் பல ஆண்டுகள் புதைக்காது வைத்திருந்தோரும் உண்டு. மலையின் வளம் கெடும் என்று கூறி இருப்புப்பாதையையும் தந்திக் கம்பங்களையும் 19ஆம் நூற்றாண்டில் எதிர்த்தோரும் உண்டு. ஊசியைக் கொண்டு திசை அறிந்தோர் முன்னேறினர். ஊசியிடம் ஊழை வினவியோர் நின்ற இடத்திலேயே நின்றனர்.

நம்பிக்கை தன்னலத்தார் கையில் சிக்கினால் கொடுமையாகும். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வெய் நாட்டைச் சேர்ந்த யே என்னும் ஊருக்குச் சீமென் பாவ் என்பவர் தலைவராக வந்தார். ஊரில் மக்கள் தொகை குறைந்திருப்பதையும் இருப்போர் வறுமையில் வாடுவதையும் கண்டு காரணம் வினவினார். "ஆற்றரசனுக்கு ஆண்டுதோறும் மணம் செய்விக்கின்றோம், அதுவே எங்கள் துயர்," என்றனர் முதியோர். ஊர்ப் பெரியவர்களும் அதிகாரிகளும் அதன்பொருட்டுப் பெருந்தொகை தண்டுவர். ஒரு பகுதியைச் செலவிட்டு, எஞ்சியதைப் பூசாரிச்சியோடு பங்கிட்டுக்கொள்வர். ஏழை வீட்டு அழகிய பெண் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்துப் புத்தாடை உடுத்தி, மணக்கட்டில் போன்ற மிதவையில் அமர்த்தி ஆற்றில் விடுவர். மிதவை சிறிது தொலைவு சென்று மூழ்கும். பெண்ணைப் பெற்றோர் ஊரை விட்டு ஓடினர்.

மண நாளன்று சீமென் பாவும் ஆற்றங்கரைக்கு வந்தார். எழுபது வயதான பூசாரிச்சியும் அவளுடைய மாணவியரும் வந்தனர். கரையெங்கும் மக்கள் திரண்டனர். மணப்பெண்ணை அழைத்துப் பார்த்த அவர், "இவள் போதிய அழகுடையவள் அல்லள். வேறு பெண்ணைப் பின்னர் அனுப்புவோம் என்று ஆற்றரசனிடம் சொல்லி வருக," என்று கூறிப் பூசாரிச்சியை ஆற்றில் எறியச் செய்தார். சிறிது நேரம் கழிந்தது. "சென்றவள் ஏன் திரும்பவில்லை?" என்று கூறி மாணவியர் மூவரை ஒருவர்பின் ஒருவராக அனுப்பினார். "பெண்டிர்க்குச் செய்தி உரைக்கத் தெரியவில்லை போலும்," என்று கூறி ஊர்ப் பெரியவர்களையும் அனுப்பினார். பின்னர் ஆற்றை நோக்கிக் குனிந்து வணங்கி, விடையை எதிர்பார்ப்பவர்போல் நெடுநேரம் நின்றார். இறுதியில் எஞ்சிய அதிகாரிகளைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் நெற்றியில் குருதி வழியத் தரையில் மோதி வணங்கினர். அன்றுமுதல் யே நகரில் ஆற்றரசனின் மணத்தைப் பற்றிப் பேசத் துணிந்தவர் எவரும் இலர்.

தண்டனையோடு சீமென் பாவ் நின்றுவிடவில்லை. மக்களைக் கொண்டு பன்னிரண்டு கால்வாய்கள் வெட்டுவித்து ஆற்று நீரை வயல்களுக்குப் பாய்ச்சினார். வெள்ளத்திற்கு அஞ்சியே மக்கள் அப்பூசாரிச்சியை நம்பினர். அச்சத்தின் காரணத்தை அகற்றாமல் நம்பிக்கையை மட்டும் அகற்றினால் அது மீண்டும் முளைக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். பெண்களை விழுங்கிய ஆறே வயல்களை வளர்க்கும் ஆறாயிற்று.

செயலால் சீமென் பாவ் எதிர்த்ததை அறிவால் எதிர்த்தவர் வாங் சோங். கி.பி. 27ஆம் ஆண்டில், இக்காலத்துச் செஜியாங் மாநிலத்தில் எளிய குடும்பத்தில் பிறந்தவர் அவர். நூல் வாங்கப் பொருளின்றித் தலைநகரின் புத்தகக் கடைகளில் நின்றுகொண்டே படித்து மனத்தில் இருத்தினார். 'லுன்ஹெங்' என்னும் தம் நூலில் மக்களின் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து எடைபோட்டார். இன்ன நாளில் தலைமுழுகினால் பிறர் அன்பைப் பெறலாம், இன்ன நாளில் முழுகினால் தலை நரைக்கும் என்று அக்காலத்தில் நாள்நூல்கள் கூறின. நரை வயதால் வருவது. இளம்பெண் ஒருத்தி அந்நாளில் முழுகினால் அவள் கூந்தல் வெளுக்குமோ என்று அவர் வினவினார். இறந்தோர் அனைவரும் பேயாவரேல், உலகம் தோன்றிய நாள்தொட்டு இறந்தோர் தொகை இருப்போர் தொகையினும் மிகுதி ஆதலின், தெருவெல்லாம் பேய்களே நிறைந்திருத்தல் வேண்டும் என்றார். பேய் ஆடை உடுத்தித் தோன்றுவதாகக் கூறுகின்றனரே, ஆடைக்கும் உயிர் உண்டோ என்றும் கேட்டார். இடி வானத்தின் சினம் அன்று, அது நெருப்பே என்றும், இடியுண்டோர் உடலில் தீப்பட்ட அடையாளம் காணப்படுதலே சான்று என்றும் காட்டினார்.

வாங் சோங் பிறந்த வட்டாரத்திலேயே, 1881ஆம் ஆண்டில், ஷாவ்சிங் நகரில் லூசுன் என்னும் எழுத்தாளர் பிறந்தார். அவர் சிறுவராய் இருந்தபோது தந்தையார் நோயுற்றார். வீட்டுப் பொருள்களை அடகுக் கடையில் வைத்துப் பணம் பெற்று மருந்து வாங்கி வருதல் அச்சிறுவரின் நாள்தோறும் செய்யும் வேலையாயிற்று. மருத்துவர் அரிய மருந்துகளையே கேட்டனர். ஒரு சோடிச் சுவர்க்கோழிகள் வேண்டும். அவை முதலிலிருந்தே ஒன்றாக ஒரே வளையில் வாழ்ந்த சோடியாக இருத்தல் வேண்டும் என்றனர். தந்தையாரின் உடலில் நீர் கோத்து வயிறு வீங்கியது. அந்நோய்க்கு 'முரசு வீக்கம்' என்று ஒரு பெயர் உண்டு. ஆகவே கிழிந்த முரசின் தோலால் செய்த உருண்டை அதனைத் தீர்க்கும் என்று கூறி அதனைக் கொடுத்தனர். 1896ஆம் ஆண்டில் தந்தையார் இறந்தார்.

இங்கு ஊன்றி நோக்கத்தக்க உண்மை ஒன்று உண்டு. மீனும் மிகுதியும் ஒரே ஓசையுடையன என்று கூறிப் புத்தாண்டு இரவில் மீன் உண்போர்க்கு யாதொரு தீங்கும் இல்லை, உவகையே உண்டு. நோயின் பெயரில் முரசு இருத்தலால் முரசின் தோல் மருந்தாகும் என்று கூறியதும் அதே வகை எண்ணந்தான். பெயரின் உறவைப் பொருளின் உறவாகக் கொண்டதே இரண்டிற்கும் வேர். விருந்தில் அது விளையாட்டு. நோயாளியின் படுக்கையில் அது வினை. லூசுன் பின்னர் ஜப்பான் சென்று மருத்துவம் பயின்றார். அதன்பின் எழுத்தே தம் நாட்டிற்கு மருந்து என்று கருதி எழுதுகோலை ஏந்தினார். 1919ஆம் ஆண்டில் வெளிவந்த 'மருந்து' என்னும் அவர்தம் சிறுகதையில், கொலையுண்டவனின் குருதியில் தோய்த்த ரொட்டி காசநோயைப் போக்கும் என்று நம்பி ஏழைத் தந்தை ஒருவன் சேமித்த பணத்தையெல்லாம் கொடுக்கிறான். மகன் பிழைக்கவில்லை.

ஒரு நாட்டு மக்களின் நம்பிக்கைகளைக் கண்டு எள்ளி நகைத்தல் அறிவுடைமை ஆகாது. அவற்றுள் அம்மக்களின் அன்பும் அச்சமும் மொழியின் அழகும் மறந்துபோன வரலாறும் பொதிந்து கிடக்கின்றன. ஆனால் பழமை என்னும் ஒன்றே காரணமாக அனைத்தையும் ஏற்றலும் அறிவுடைமை ஆகாது. கதவில் தலைகீழாக ஒட்டிய எழுத்து எவரையும் வருத்துவதில்லை. ஆற்றில் மிதந்த மணக்கட்டில் உயிர்களைக் கொண்டு சென்றது. ஒரு நம்பிக்கை எவ்வளவு பழமையானது என்று கேட்பதினும், அதன் விலையைக் கொடுப்போர் யாவர் என்று கேட்பதே பயனுடைய கேள்வி. அக்கேள்வியைக் கேட்டவர் சீமென் பாவ். கேட்கக் கற்பித்தவர் வாங் சோங். கேளாமையின் துயரை உலகிற்கு உணர்த்தியவர் லூசுன். நம்பிக்கைகள் மலிந்த நாட்டிலேயே அவற்றை ஆராய்ந்த சான்றோரும் தோன்றினர் என்பது சீன நாட்டின் பெருமைகளுள் ஒன்றாகும்.